தோளும் தவிலும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, நாம் திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்கிக் கொண்டிருந்தபோது, பேரப் பிள்ளை கைப்பேசியைத் தூக்கிக் கொண்டு ஓடி வந்தான். பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனீரோ நகரில் வருஷந்தோறும் நடக்கும் சாம்பா ஊர்வலத்தின் படம் அதில் ஓடிக் கொண்டிருந்தது. இறகுக் கிரீடம் தரித்த பெண்மணிகளையும், மாடி வீடு உயரத்துக்கு ஜோடித்த வண்டிகளையும் பார்த்து நாம் வாயைப் பிளந்து கொண்டிருந்தோம். பையனுக்கோ அவற்றில் கவனம் செல்லவில்லை.

"தாத்தா, இந்த மேளம் அந்த ஆளின் வயிற்றை விடப் பெரிதாக இருக்கிறதே! இதைத் தூக்கிக் கொண்டு எப்படி ஆடுகிறார்?" என்று கேட்டான்.

அந்த மேளத்துக்குச் சுர்தோ என்று பெயர். 1920-களின் கடைசியில் பீடே என்ற சாம்பாக் கலைஞர் பெரிய வெண்ணெய்த் தகர டின் ஒன்றில் தோலை இழுத்துக் கட்டி அதை உண்டாக்கினார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். இப்பொழுது மெல்லிய அலுமினியத்தில் செய்கிறார்கள். தோளில் அகலமான வார், இல்லாவிட்டால் இடுப்பில் பட்டை, தொடையில் மேளம் இடிக்காமல் இருப்பதற்கு ஒரு பஞ்சுத் திண்டு, இப்படிப் பல சௌகரியங்கள் இருக்கின்றன. ஊர்வலம் நடப்பதற்கென்றே 1984-ஆம் வருஷத்தில் ஒரு தனி வீதியைக் கட்டி, இரண்டு பக்கமும் ஜனங்கள் உட்காரப் படிகள் அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோஷ்டியும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக அதில் நடந்து தீர்த்தால் போதும். மேளத்தை இறக்கி வைத்து விடலாம்.

இவ்வளவையும் பையனுக்கு எடுத்துச் சொன்னோம். அவன் திருப்தியுடன் போய் விட்டான். நமக்குத்தான் மனம் அங்கிருந்து நகரவில்லை. முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால், அரசலாற்றங்கரையில் உள்ள நம் கிராமத்தில், ஒரு கல்யாண ஊர்வலத்தில் பார்த்த ஒரு தோள் ஞாபகத்துக்கு வந்து விட்டது.

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்குத் தவிலைப் பற்றி எடுத்துச் சொல்வது திருவையாற்றுக்குப் போய்த் தியாகராஜ கீர்த்தனை பாடிக் காட்டுவது போலத்தான். ஆயினும் பட்டணத்து வாசகர்கள் பொருட்டு இரண்டு வார்த்தை சொல்லி வைக்கிறோம். ஒரே பலாக் கட்டையைக் குடைந்து செய்த பீப்பாய் அது. பெரியதாகவும் இறுக்கமாகவும் இருப்பது வலந்தலை. சிறியதாகவும் சற்றுத் தளர்ந்தும் இருப்பது இடந்தலை. வலக்கை விரல்களில் மாவுப் பசையும் துணியும் சேர்த்துக் கெட்டிப்படுத்திய கூடுகளைப் போட்டுக் கொண்டு வலந்தலையில் வாசிப்பார்கள். இடக்கையில் பூவரசங் குச்சி. கச்சேரி மேடையில் உட்கார்ந்து வாசிக்கும்போது தவில் தரையில் சௌகரியமாகப் படுத்திருக்கும். ஸ்வாமி புறப்பாடாகட்டும், கல்யாண ஊர்வலமாகட்டும், நின்றும் நடந்தும் வாசிக்க நேர்ந்தால், அது ஒரு துணி நாடையில் கோத்து வலது தோளிலிருந்து தொங்கும். அந்த நாடைதான் நம்முடைய விஷயம்.

அன்றைக்கு நம் தமையனார் மகளுக்கு ஜானவாசம். மாப்பிள்ளை திறந்த மோட்டாரில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். தலையில் காஸ் விளக்குகளைச் சுமந்த பெண்கள் இரண்டு பக்கமும் நடந்தார்கள். மோட்டாருக்கு முன்னால் நாதஸ்வரக் கோஷ்டி. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் போட ஒரு பையன், கழுத்தில் சுருதிப் பெட்டியை மாட்டிக் கொண்ட இன்னொரு பையன். தவில் வாசித்த இருவரில் ஒருவர் வயது சென்றவர். அந்தப் பக்கத்து ஊர்களில் அவர் கைக்கு நல்ல பெயர் உண்டு. அவரைப் பிள்ளைவாள் என்றுதான் எல்லாரும் அழைப்பது வழக்கம். இங்கும் அப்படியே அழைப்போம்.

பிள்ளையார் கோவிலிலிருந்து கிளம்பி மேல வீதி முனைக்கு வந்தபோது இரவு மணி ஒன்பதரை. அங்கே ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நம் பெரியப்பா, கையை உயர்த்தி மோட்டாரை நிறுத்தினார். "இங்கே ஒரு தோடி ஆகட்டும். அவசரமில்லாமல் வாசிக்கச் சொல்லு" என்றார். பெரியப்பாவுக்குச் சங்கீதத்தில் பித்து. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பல கோவில் உற்சவங்களில் நேரில் கேட்டவர். அந்தத் தோடியைக் கேட்ட பிறகு மற்றவர்கள் தோடி வாசிப்பதே வீண் என்பது அவருடைய அபிப்பிராயம். என்றாலும் கேட்காமல் இருக்க மாட்டார்.

நாதஸ்வர வித்வான் ஆலாபனையைத் தொடங்கினார். நல்ல ஞானஸ்தர், அவசரமில்லாமல்தான் வாசித்தார். ஜனங்கள் தலையை ஆட்டினார்கள். நாம் நின்ற இடம் பிள்ளைவாளுக்கு மிகவும் சமீபமானதால், நமக்கு ராகத்தை விட அவரைப் பார்ப்பதே வேலையாகி விட்டது. ராக ஆலாபனையில் தவிலுக்கு வேலை கொஞ்சம். நடுநடுவே ஒரு சிறு உருட்டல், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்க வேண்டும். அவர் இடக் கையைத் தவிலின் அடி வயிற்றில் கொடுத்து மெல்ல உயர்த்தினார். நாடை சற்றுத் தளர்ந்து தோளில் இரண்டு விரற்கடை நகர்ந்தது. அது இருந்த இடத்தில், காஸ் விளக்கின் வெளிச்சத்தில், நுகத்தடி பட்ட மாட்டின் கழுத்தைப் போலக் கறுத்துத் தடித்த ஒரு வரி தெரிந்தது. அதன் நடுவில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அவருடைய துண்டு எங்கே என்று பார்த்தோம். இடுப்பில் இறுகக் கட்டியிருந்தது.

நாம் அருகில் சென்று, "பிள்ளைவாள், துண்டை மடித்து நாடைக்கு அடியில் வைத்துக் கொள்ளக் கூடாதா?" என்று காதோடு கேட்டோம். அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே நாற்காலியில் கண்ணை மூடித் தலையாட்டிக் கொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தார். "இருக்கட்டும் ஐயா" என்றார்.

பெரியவர்கள் முன்னால் வாசிக்கும்போது துண்டு தோளில் இருக்கக் கூடாது. இடுப்பில்தான் இருக்க வேண்டும். இந்த விதியை யார் எப்போது எழுதி வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வர வித்வான் மதுரை சிவக்கொழுந்து அவர்கள் தோளில் துண்டைப் போட்டுக் கொண்டு வாசித்ததும், அதை எடுக்கச் சொல்லிச் சிலர் அதட்டியதும், அங்கே இருந்த சுயமரியாதை இயக்கத்துப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி, "எடுக்காதீர்கள்" என்று முன்னால் வந்து நின்றதும் பலருக்குத் தெரிந்த கதை. வியர்வை துடைக்கிற துண்டுக்கு அவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்கிறது. நாதஸ்வரக்காரருக்குத் துண்டு மரியாதைச் சின்னம். தவில்காரருக்கோ அது மரியாதை மட்டுமல்ல. தோலுக்கும் நாடைக்கும் நடுவில் இருக்கக் கூடிய ஒரே மெத்தை.

கானாடுகாத்தான் கதை நமக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், பெரியப்பாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தோடி முடிய அரை மணிக்கு மேல் ஆயிற்று. பிறகு தனி ஆவர்த்தனம். அந்தத் தோளோடு அந்த மனிதர் வாசித்த வாசிப்பைக் கேட்டு, பெரியப்பா ஜேபியிலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஊர் முழுதும் அவருடைய தாராளத்தைப் பாராட்டியது.

மறு நாள் முகூர்த்தம் முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைவாள் நம் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை போட உட்கார்ந்தார். நாம் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துடன் போய்ப் பக்கத்தில் அமர்ந்தோம். அவர் சிரித்து விட்டார்.

"எண்ணெய் எதுக்கு ஐயா? நாற்பது வருஷத்துத் தோள் இது. பழகிப் போச்சு."

"வாசிக்கும்போது வலிக்காதோ?"

"வாசிக்கறப்போ கனமே தெரியாது. கை ஓடிக்கிட்டிருந்தா உடம்பு தானே அதோட போயிடும். சும்மா நிக்கறப்போதான் தெரியும். நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிக்க விரிக்க, எனக்குத் தோள் விரியும்!"

சங்கீத விமர்சனம் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் தோடியின் விஸ்தாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அது எத்தனை கனம் என்று நிறுத்துச் சொன்னவர் பிள்ளைவாள் ஒருவர்தான்.

நிறுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. சமையற்கட்டில் அரிசி மூட்டை நிறுப்பதற்காகக் கொண்டு வந்திருந்த தராசில் அந்தத் தவிலையும் ஏற்றிப் பார்த்தோம். பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. இரண்டு வயதுக் குழந்தையைப் போன்றதுதான் என்று நினைத்தோம். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையை இரவு முழுதும் ஒரே தோளில் தொங்க விட்டுக் கொண்டு, இரண்டு கையாலும் வேறு வேலை செய்கிறவர் யார்?

அவரே நம்மை எழுப்பி நிறுத்தித் தவிலை மாட்டி விட்டார். மாட்டிய மாத்திரத்தில் அது நம்மை முன்னால் இழுத்தது. நாம் ஓர் அடி எடுத்து வைத்தோம். முழங்கால் தவிலின் மேல் இடித்தது. இரண்டாவது அடியில் பந்தல் காலைக் கட்டிக் கொண்டோம். வாசலில் இருந்த குழந்தைகள் எல்லாம் கைகொட்டிச் சிரித்தன. நம் வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து விட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனது அதை விட மோசம்.

"முன்னாடி இழுக்குதில்ல? நீங்க பின்னாடி சாயணும்" என்று சொல்லி, பிள்ளைவாள் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். நாடை கயிறு போல ஒல்லியாக இருக்கக் கூடாது; நாலு விரல் அகலமாவது வேண்டும், ஒல்லியாக இருந்தால் தோளை அறுத்து விடும். அது தோள் முனையில் இருந்தால் நழுவும், கழுத்தெலும்பில் இருந்தால் நரம்பைப் பிடித்துக் கொள்ளும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சதை உள்ள சரிவில்தான் உட்கார வேண்டும். நீளம்தான் மிகவும் முக்கியம். தவில் தொப்புளுக்குக் கீழே இறங்கினால் முதுகு வளைந்து விடும். நெஞ்சுக்கு ஏறினால் முழங்கை தூக்கி நின்று அரை மணியில் கை சோர்ந்து விடும். வயிற்றின் மேலேயே அது சாய்ந்திருக்க வேண்டும். "தோள் பாதி சுமக்கணும், வயிறு கால் சுமக்கணும், பாக்கியை இடுப்பு சுமக்கணும். எல்லாத்தையும் தோள்கிட்டயே விட்டா அது எத்தனை நாளைக்கு வரும்?" என்றார். நடக்கும்போது நேராக அடி வைக்கக் கூடாது. பாதத்தைச் சற்று வெளியே திருப்பிக் குறுகிய அடியாக வைத்தால் முழங்கால் இடிக்காது. மெலிந்த தேகம் உள்ள தவில் வித்வான்கள் சற்றுத் தொந்தி போட்ட பிறகுதான் நிம்மதியாக வாசிக்கிறார்கள் என்றும் ஒரு ரகசியத்தை வெளியிட்டார். இது பரிகாசமா வாஸ்தவமா என்று இன்று வரை நமக்குச் சந்தேகம்.

பிறகு அவர் ஏழூர்ப் பல்லக்கைப் பற்றிச் சொன்னார். சித்திரை மாதத்தில் திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கில் ஏறித் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஊர்களுக்கெல்லாம் எழுந்தருளித் திரும்பி வருவது நேயர்கள் அறிந்ததே. காவேரியும் குடமுருட்டியும் குறுக்கே வருகின்றன. மேட்டூரில் அணை மூடிக் கிடக்கும் மாதம் ஆகையால் ஆற்றில் ஜலம் இராது; மணல்தான். பிள்ளைவாள் சிறு பையனாகத் தம் குருநாதருக்குப் பின்னால் அந்த வழியில் நடந்திருக்கிறார். சித்திரை வெயிலில் சுட்ட மணலில், கணுக்கால் வரை புதைய, தவிலைச் சுமந்து கொண்டு நடந்த குருநாதருக்குப் பின்னால் இவர் ஓடி ஓடித் தவிலின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக் கொள்வாராம். சிஷ்யனுக்கு முதல் பாடம் அதுதான். ஜதி சொல்லிக் கொடுத்தது அதற்கு அப்புறம். கரை ஏறியவுடன் குருநாதர் சுமைதாங்கியைத் தேடுவாராம்.

சுமைதாங்கி என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் ஞாபகார்த்தமாகச் சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைப்பார்கள். தலைச் சுமைக்காரன் யார் உதவியும் இன்றித் தானே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு ஏற்ற உயரத்தில் அது இருக்கும். குருநாதர் அதன் மேல் தவிலைச் சாய்த்து, நாடையைக் கழற்றாமலே தோளை மட்டும் உருவிக் கொண்டு, நாலு மூச்சு விட்டு விட்டு மறுபடி மாட்டிக் கொள்வாராம்.

நம் முன்னோர்கள் வாத்தியங்களுக்குச் செய்திருக்கும் உபசாரத்தை எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. சங்க காலத்தில் முரசுக்குத் தனிக் கட்டில் உண்டு. முரசு நீராடப் போயிருந்த சமயம் மோசிகீரனார் என்ற புலவர் அந்தக் கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கி விட, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டிக்காமல் விசிறியால் வீசினான் என்பது புறநானூற்றுச் செய்தி. கட்டில் அவ்வளவு மெத்தென்று இருந்ததால்தானே புலவர் தூங்கினார்? கோவில்களில் டமாரத்தை மாட்டின் முதுகில் ஏற்றி விட்டார்கள். திருவாரூர்ப் பஞ்சமுக வாத்தியத்தை ஒருவரும் தோளில் மாட்டச் சொல்லவில்லை. அதற்கென்று ஆசனம் இருக்கிறது. தவிலுக்கு மட்டும் மனிதத் தோள் கிடைத்தது. மலையாளத்துச் செண்டைக்காரர்களுக்கும் இதே கதிதான். திரிச்சூர்ப் பூரத்தில் இலஞ்சித்தற மேளம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே நடக்கிறது. ஆனால் செண்டை நேராகத் தொங்குகிறது. இரண்டு கையும் மேலிருந்தே அடிக்கின்றன. தவில் குறுக்கே கிடப்பதால் அதன் சங்கடமே தனி.

இந்த முப்பத்தைந்து வருஷங்களில் தவில் மாறித்தான் இருக்கிறது. தோல் வாரை இழுத்து இழுத்துக் கட்டும் சிரமம் போய், இரும்புக் கம்பியும் மரையும் வந்து விட்டன. சுருதி சேர்ப்பது சுலபமாயிற்று. நாதமும் கணீரென்று கேட்கிறது. கனமும் கூடி விட்டது. கைக்கு லாபம், தோளுக்கு நஷ்டம். திருவையாற்று அரசு இசைக் கல்லூரியிலும் பல ஜில்லாக்களில் உள்ள அரசு இசைப் பள்ளிகளிலும் தவில் கற்றுக் கொடுக்கிறார்கள். பெண்களும் கற்று வந்து நன்றாக வாசிக்கிறார்கள். சென்ற வருஷம் கும்பகோணத்துக்கு அருகில் ஓர் உற்சவத்தில், மோட்டார் வண்டியில் ஆசனத்தோடு வரும் பட்டையை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, நாடையாகப் போட்டுக் கொண்டிருந்த ஒரு வாலிபரைப் பார்த்தோம். "இதமாக இருக்கிறதா தம்பி?" என்று விசாரித்தோம். "சுகமா இருக்கு ஐயா. ஆனா பெரியவங்க பார்த்தா, இது என்னடா தவிலா, பள்ளிக்கூடத்துப் பையான்னு கேட்கிறாங்க" என்றார். பச்சைச் சட்டை போட்டு, அதற்கு மேல் மடித்த துண்டு, அதற்கு மேல் பட்டை. நம் கண்ணுக்கு அது மிகவும் லட்சணமாகவே இருந்தது.

அந்த ஜானவாசம் நடந்து ஆறு வருஷத்துக்குப் பிறகு, தமையனாரின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. பெரியப்பா அதற்குள் காலமாகி விட்டார். இந்தத் தடவை ஊர்வல ஏற்பாட்டை நாமே கேட்டு வாங்கிக் கொண்டோம். தச்சரைக் கூப்பிட்டு நான்கு மர மேஜை செய்யச் சொல்லி, வீதிக்கொன்றாக முனையில் போட்டு, மேலே ஜமக்காளத்தை நாலாக மடித்து விரித்து வைத்தோம். ராகம் வாசிக்கும் இடம் அதுவே என்றும் முன்கூட்டியே சொல்லி விட்டோம். "நம் வீட்டு ஊர்வலத்தில் எல்லாரும் துண்டைத் தோளில் போட்டுக் கொண்டுதான் வர வேண்டும்" என்று நாதஸ்வர வித்வானிடம் சொன்னபோது, அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்து விட்டுச் சிரித்தார்.

பிள்ளைவாளுக்கும் ஆள் அனுப்பியிருந்தோம். அவர் வந்தார், வாசிக்க அல்ல. வலக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய பிள்ளை திருச்சிராப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கொண்டிருந்தான். தவில் பரணில் இருக்கிறது என்றார். அவருடைய சிஷ்யர் ஒருவர்தான் அன்றைக்கு வாசித்தார்.

ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னால் பிள்ளைவாளை மேல வீதி முனைக்கு அழைத்துக் கொண்டு போய் மேஜையைக் காட்டினோம். அவர் ஜமக்காளத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு மேஜையை ஒட்டி நின்று, தோளில் தவில் இருப்பது போலவே சற்றுப் பின்னால் சாய்ந்து, இல்லாத தவிலை மெல்ல இறக்கினார். அது பாதி வழியில் நின்றது.

"நாலு விரல் உசரம் போதாது ஐயா. குனிஞ்சு இறக்க வேண்டியிருக்கு" என்றார்.

தச்சர் வீட்டுக்கு ஆள் ஓடினான். கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து நான்கு மேஜைகளையும் உயர்த்தி முடிக்கும் வரை மாப்பிள்ளை மோட்டாரில் காத்துக் கொண்டிருந்தார்.